கைதட்டும் தோழனும் கழறும் பாங்கனும்



போன தவணையில் படிவம் இரண்டு மாணவர்களுக்கு அறிவியல் புனைகதை எழுதும் பயிற்சி ஒன்று கொடுத்தேன். 31 கதைகள் வந்தன. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து திருத்தினேன். பத்துக் கதை தாண்டியதும் ஒரு விஷயம் பிடிபட்டது. எல்லாக் கதையிலும் நாயகன் மேதை. பெயர் அர்ஜுன், இல்லாவிட்டால் ராகுல். அவன் பக்கத்தில் ஒரு நண்பன் இருப்பான். அந்த நண்பனுக்கு இரண்டே வேலை. முதலில் "இது என்னடா?" என்று கேட்க வேண்டும். நாயகன் விளக்கி முடித்ததும் "சூப்பர்டா!" என்று சொல்ல வேண்டும். சில கதைகளில் நண்பனுக்குப் பதிலாக ரோபோ வந்தது. ரோபோவும் அதே இரண்டு வேலையைத்தான் பார்த்தது.

ஒரு கதையில் நண்பன் மூன்றாம் பத்தியோடு காணாமலே போய்விட்டான். எழுதிய பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அவன் வேலை முடிஞ்சிருச்சு டீச்சர்" என்றான்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. அவர்கள் பார்க்கிற படமும் தொடரும் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. நாமும்தான். வெண்பலகையில் 'துணைக்கதைப்பாத்திரம்' என்று எழுதுகிறோம். 'முதன்மைக் கதைப்பாத்திரத்திற்கு உதவுபவர்' என்று ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டு அடுத்த கூறுக்குப் போய்விடுகிறோம். எதற்கு உதவுபவர், எப்போது உதவ மறுப்பவர் என்று கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது, அதனால் யாரும் கவலைப்படுவதில்லை.

நம் இலக்கணம் இதைவிடக் கூர்மையாகப் பார்த்திருக்கிறது. அகப்பொருளில் தலைவனுக்குப் பாங்கன் உண்டு. நம்பியகப்பொருள் படித்தவர்களுக்கு பாங்கற் கூட்டம் நினைவிருக்கும். தலைவன் வாடிப்போய் வருகிறான். என்ன ஆச்சு என்று பாங்கன் விசாரிக்கிறான். தலைவன் சொன்னதும் பாங்கன் கைதட்டுவதில்லை. கழறுகிறான். உன்னைப் போன்றவன் ஒரு பெண்ணைப் பார்த்து இப்படி நிலைகுலையலாமா என்று முகத்துக்கு நேரே இடித்துக் கேட்கிறான். தலைவன் அதை எதிர்மறுக்கிறான். அதற்குப் பிறகு பாங்கன் செய்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அவன் தானே புறப்பட்டுப் போய், தலைவி நிற்கும் இடத்தில் அவளைப் பார்த்துவிட்டு வருகிறான். பார்த்த பிறகு தன் கருத்தை மாற்றிக்கொள்கிறான். இடித்துச் சொல்ல வேண்டும், பிறகு போய்ப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மனம் மாற வேண்டும். இவ்வளவும் ஒரு துணைப்பாத்திரத்துக்கு! தோழிக்கோ அறத்தொடு நிற்றல் என்று இன்னும் பெரிய பொறுப்பு. தலைவியின் காதலைத் தாயிடம் போய்ச் சொல்கிற தைரியம் அவளுக்கு வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு, விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்த்தால் என்ன தெரிகிறது? நான் எடுத்துக்கொண்டது 'ஸ்டார் டிரெக்: டிஸ்கவரி'. காரணம் எளியது. அதில் விண்கப்பலின் தலைவியாக வருபவர் நம் ஈப்போக்காரர்.

மிஷெல் யோவைப் பற்றி பேராக் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1962இல் ஈப்போவில் பிறந்தவர், மெயின் கான்வென்ட் பள்ளியில் படித்தவர். 2023 மார்ச்சில் அவருக்கு ஆஸ்கார் கிடைத்த அன்று எங்கள் ஆசிரியர் அறையில் கைதட்டல் கேட்டது. ஆனால் அதற்கு ஐந்தரை வருடம் முன்னாலேயே, 2017 செப்டம்பரில் தொடங்கிய 'டிஸ்கவரி'யில், ஷென்சோ என்ற விண்கப்பலின் தலைவி ஃபிலிப்பா ஜார்ஜியோவாக அவர் வந்துவிட்டார். அப்போது இங்கே நெட்ஃபிளிக்ஸில் பார்க்கக் கிடைத்தது. கதைப்படி ஜார்ஜியோ லங்காவித் தீவுக்காரர். அமெரிக்க உச்சரிப்பைப் போட்டுக்கொள்ளாமல் நம் ஊர்ச் சாயலோடுதான் பேசினார். வகுப்பில் ஒரு துண்டுக் காட்சியைப் போட்டுக் காட்டியபோது பின் வரிசையிலிருந்து ஒரு பிள்ளை, "டீச்சர், இவுங்க நம்ம பேங்க் ஆன்ட்டி மாதிரியே பேசுறாங்க" என்றாள். எவ்வளவு பெரிய பாராட்டு!

ஆனால் தொடரின் நாயகி அவரில்லை. நாயகி மைக்கேல் பர்னம், ஜார்ஜியோவின் முதல் துணை அதிகாரி. (பெண்ணுக்கு மைக்கேல் என்று பெயர். என் மாணவர்கள் பத்து நிமிடம் இதிலேயே நின்றுவிட்டார்கள். நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.) மனிதப் பெண்ணான பர்னம், உணர்ச்சியை அடக்கித் தர்க்கத்தை மட்டும் நம்பும் வல்கன் இனத்தாரின் வீட்டில் வளர்ந்தவள். ஏழு வருடமாக ஜார்ஜியோவிடம் பணியாற்றுகிறாள். கப்பலில் அதிகாரம் உள்ளவர் ஜார்ஜியோ. கதையில் முதன்மை பெற்றவள் பர்னம். அப்படியானால் யாருக்கு யார் துணை? தொடர் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. அதனால்தான் முதல் இரண்டு அத்தியாயங்களும் அவ்வளவு நன்றாக இருக்கின்றன.

முதல் காட்சியைச் சொல்கிறேன். ஒரு பாலைவனக் கிரகம். அங்கே வாழும் உயிர்களுக்கு 89 ஆண்டு வறட்சி வரப்போகிறது. அவர்களுக்குத் தெரியாமல் ஒரு கிணற்றைத் திறந்துவிட்டு வர வேண்டும். ஜார்ஜியோவும் பர்னமும் மணலில் நடந்துகொண்டே பேசுகிறார்கள். பர்னம் கணக்குப் போடுகிறாள், நேரம் சொல்கிறாள், கிணற்றைத் திறக்கிறாள். அந்த நேரம் பார்த்துப் புயல் வருகிறது. கப்பலோடு தொடர்பு இல்லை. ஜார்ஜியோ எதுவும் விளக்காமல் நடக்கத் தொடங்குகிறார். பர்னம் பின்னால் நடக்கிறாள். எங்கே போகிறோம் என்று அவளுக்குப் புரியவில்லை, நமக்கும் புரியவில்லை. கேமரா மேலே போகும்போதுதான் தெரிகிறது. இருவரின் காலடித் தடமும் சேர்ந்து மணலில் அவர்கள் படையின் சின்னத்தை வரைந்திருக்கிறது. மேகத்தைக் கிழித்துக்கொண்டு கப்பல் இறங்கி வருகிறது.

இந்தக் காட்சியை நான் நாலைந்து முறை பார்த்தேன். மாணவி கணக்கில் கெட்டிக்காரி. ஆசிரியைக்கோ, தான் காணாமல் போனால் மற்றவர்கள் தன்னை எப்படித் தேடுவார்கள் என்று தெரியும். அது வேறு வகை அறிவு. 'சூப்பர்' என்று யாரும் சொல்லவில்லை.

எனக்கு இதில் இன்னொரு நினைவும் வந்தது. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு கித்தா தோட்டத்தில் பிறந்தவள் நான். அம்மா பால் வெட்டப் போகும் விடியற்காலையில், பள்ளி விடுமுறை நாள்களில், நானும் போவேன். "எங்கே போறே?" என்று லயத்தில் யாராவது கேட்டால், "அம்மாவுக்குத் துணைக்கு" என்பேன். எட்டு வயதுப் பிள்ளை முழு ஆள் ஒருத்திக்கு என்ன துணை? அம்மாவின் நெற்றியில் விளக்கு, என் கையில் ஒரு சின்ன டார்ச். அம்மா மரத்தைப் பார்ப்பார், நான் தரையைப் பார்ப்பேன். அவ்வளவுதான் வேலைப் பிரிவினை. ஒருநாள் நான் "அம்மா, நில்லு" என்றேன். அம்மா நின்றுவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த மரத்தின் அடியில் பாம்பு. துணைக்குப் போவது என்ற சொல்லை நாம் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம்! அந்தத் தோட்டம் இப்போது செம்பனை. லயமும் இல்லை. சொல் மட்டும் என்னிடம் இருக்கிறது. மாணவர்களுக்குத் 'துணைப்பாத்திரம்' என்பதை விளக்க இதைத்தான் இப்போது சொல்கிறேன்: நாயகன் மேலே பார்க்கும்போது கீழே பார்ப்பவர்.

'டிஸ்கவரி'க்கு வருவோம். கிளிங்கன் என்னும் போர்க்குணம் கொண்ட இனத்தார் எதிரே நிற்கிறார்கள். முதலில் நாம் சுட்டால்தான் மதிப்பார்கள், இல்லாவிட்டால் போர் வரும் என்று பர்னம் சொல்கிறாள். அவளை வளர்த்த வல்கன்களின் அனுபவம் அப்படி. ஜார்ஜியோ மறுக்கிறார். நாம் முதலில் சுடுகிறவர்கள் அல்லர் என்பது அவர் நிலை. இதுவரை சரி. பாங்கன் கழறுகிறான், தலைவன் எதிர்மறுக்கிறான். இலக்கணம் போட்டுக்கொடுத்த வழியிலேயே கதை போகிறது. அடுத்து பர்னம் செய்வதுதான் வழி தவறுகிறது. தனியறையில் ஜார்ஜியோவின் கழுத்து நரம்பை அழுத்தி மயங்க வைத்துவிட்டு, வெளியே வந்து, தலைவியின் கட்டளை போலச் சுடச் சொல்கிறாள்.

இடித்துரைத்தலுக்கும் கலகத்துக்கும் என்ன வேறுபாடு என்று வகுப்பில் கேட்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பர்னம் சொன்ன கருத்து தவறு என்று தொடர் எங்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. போர் வந்துவிடுகிறது, அவள் பயந்தது நடந்துவிடுகிறது. ஆனாலும் அவள் செய்தது துரோகம்தான். கருத்து சரியாக இருந்தால் கையால் அழுத்தலாமா? நான் கேட்டபோது வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "உயிர் போற விஷயம், அழுத்தினா என்ன?" என்று ஒரு பக்கம். "அப்பறம் யாரு யாரை நம்புறது?" என்று இன்னொரு பக்கம். என் வகுப்பில் கருத்து வேறுபாடு அவ்வளவு சத்தமாக வந்து ரொம்ப நாளாகிறது.

இரண்டாம் அத்தியாயத்தில் ஜார்ஜியோ அவளைச் சிறையில் போடுகிறார். ஆனால் கடைசியில் எதிரியின் கப்பலுக்குள் போகவேண்டி வரும்போது, துணைக்கு அவளைத்தான் கூட்டிக்கொண்டு போகிறார். அதற்குக் காரணம் பர்னம் சொன்ன ஒரு யோசனை. கிளிங்கன் தலைவனைக் கொன்றால் அவன் தியாகி ஆகிவிடுவான், உயிரோடு பிடித்தால்தான் போர் நிற்கும் என்கிறாள். துரோகம் செய்தவள்தான், ஆனால் சொல்வது சரி என்று ஏற்றுக்கொள்கிற மனம் ஜார்ஜியோவுக்கு இருக்கிறது. கப்பலில் சண்டை. ஜார்ஜியோ கொல்லப்படுகிறார். அதைப் பார்த்த கணத்தில் பர்னம் தன் துப்பாக்கியை மயக்கும் நிலையிலிருந்து கொல்லும் நிலைக்கு மாற்றிச் சுடுகிறாள். தியாகி ஆக்கக்கூடாது என்று சொன்னவளே தியாகி ஆக்குகிறாள். அந்த நேரத்தில் அவளைத் தடுக்க அவள் பக்கத்தில் ஆள் இல்லை. தடுத்திருக்க வேண்டியவர் தரையில் கிடக்கிறார்.

இவ்வளவு நுட்பமாக எழுதியவர்கள், அடுத்த இரண்டு மூன்று அத்தியாயங்களிலும் அந்த நுட்பத்தை விடவில்லை. சிறைத்தண்டனை பெற்ற பர்னத்துக்கு ஜார்ஜியோவின் உயிலின்படி ஒரு பழைய தொலைநோக்கி வந்து சேர்கிறது. கூடவே ஒரு பதிவுச் செய்தி. அது துரோகத்துக்கு முன்பே பதிவு செய்யப்பட்டது. பர்னம் இந்நேரம் சொந்தக் கப்பலின் தலைவியாக இருப்பாள் என்று நினைத்துப் பேசுகிறார் ஜார்ஜியோ. கைதியாக நின்று அதைக் கேட்கிறாள் பர்னம். பிறகு அந்தத் தொலைநோக்கியைச் சாருவுக்குக் கொடுத்துவிடுகிறாள். (சாரு என்றதும் வகுப்பில் சிரிப்பு வரும். அது வேற்றுக்கிரகவாசியின் பெயர், நம் சாரு இல்லை.) சாருவும் ஜார்ஜியோவிடம் பணியாற்றியவன். இயல்பிலேயே பயந்த இனம். நீ மட்டும் அவரிடம் கற்றுக்கொண்டாய், எனக்கு அந்த வாய்ப்பைக் கெடுத்துவிட்டாய் என்ற மனத்தாங்கல் அவனுக்கு. ஒரே ஆசிரியரிடம் படித்த இரண்டு மாணவர்கள். முதல் மாணவிக்குக் கிடைத்த பரிசு, பொறாமைப்பட்ட இரண்டாம் மாணவனுக்குப் போகிறது. ஆசிரியர்களான நமக்கு இந்தக் காட்சி வேறு யாரையும்விட அதிகமாகக் குத்தும். வகுப்பில் நாம் யாரைப் பார்த்து மட்டும் பேசினோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

என் குறை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முதல் பருவத்தின் பின்பாதியில் கதை ஓர் எதிர் உலகத்துக்குப் போகிறது. அங்கே எல்லாருக்கும் ஒரு மறுபிரதி உண்டு, குணம் மட்டும் தலைகீழ். அங்கே ஜார்ஜியோ கொடுங்கோல் பேரரசி. சாருவின் இனத்தைச் சமைத்துத் தின்கிறவர். பர்னம் அவரைக் காப்பாற்றி நம் உலகத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறாள். ஏன்? அதே முகம் என்பதால். இன்னொரு முறை அந்த முகம் சாவதைப் பார்க்க அவளால் முடியவில்லை. இந்த இடம் வரைக்கும் நான் எழுதியவர்களோடு இருக்கிறேன். துக்கத்தில் மனிதர்கள் இதைவிடப் பெரிய முட்டாள்தனமும் செய்வார்கள்.

ஆனால் தொடருக்கு அந்தப் பேரரசியைப் பிடித்துப்போய்விட்டது. பார்வையாளர்களுக்கும்தான். எனக்கும்தான், மறைக்க மாட்டேன். மிஷெல் யோ கறுப்புத் தோல் உடையில் வந்து எல்லாரையும் ஏளனமாக ஒரு பார்வை பார்த்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. இரண்டாம் பருவம், மூன்றாம் பருவம் என்று அவர் தொடர்ந்தார். பிறகு அவருக்கென்றே 2025இல் தனிப் படமும் வந்தது. மணலில் பேசாமல் நடந்து சின்னம் வரைந்த அந்தத் தலைவி எங்கே? யாருக்கும் நினைவில்லை. ஆசிரியையைக் கொன்றுவிட்டு, அவர் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். புதிய ஜார்ஜியோ பர்னத்தைக் கேலி செய்கிறார், சீண்டுகிறார், ஆபத்தில் காப்பாற்றவும் செய்கிறார். இதையெல்லாம் துணை என்று நம்ப வைக்கப் பார்க்கிறது தொடர். முகம் ஒன்று என்பதால் உறவும் ஒன்றாகிவிடுமா?

இதற்கு மறுப்புச் சொல்ல முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில், போரை முடிப்பதற்காகக் கிளிங்கன்களின் தாய்க்கிரகத்தையே அழிக்கத் திட்டம் போடுகிறார்கள். மேலதிகாரிகளே அதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நிறைவேற்றப் போவது பேரரசி. பர்னம் இந்த முறை யார் கழுத்தையும் அழுத்தவில்லை. எல்லார் முன்னாலும் நின்று, இது தவறு, நாங்கள் செய்ய மாட்டோம் என்று வாயால் சொல்கிறாள். ஒவ்வொருவராக மற்றவர்களும் எழுந்து நிற்கிறார்கள். முதல் அத்தியாயத்தில் தவறாகச் செய்ததைப் பதினைந்தாம் அத்தியாயத்தில் சரியாகச் செய்கிறாள். பேரரசி வந்திருக்காவிட்டால் இந்தக் காட்சி இல்லை. இதை ஏற்றுக்கொள்கிறேன். அந்தப் பருவத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அது கழறுதல் பற்றிய நல்ல கதைதான்.

அதற்குப் பிறகு நான்கு பருவங்கள். 2024இல் தொடர் முடிந்தது. பர்னம் தவறே செய்யாதவள் ஆகிக்கொண்டே போனாள். பிரபஞ்சத்தின் ஒவ்வொரு சிக்கலுக்கும் அவளே விடை. கப்பலின் முகப்பறையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கு ஒரு தகவலைச் சொல்லிவிட்டு, நெருக்கடி தீர்ந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைக்கிறார்கள். பல அத்தியாயம் பார்த்தும் சிலரின் பெயர் எனக்கு மனத்தில் தங்கவில்லை. தொடக்கத்தில் பயந்து பயந்து, ஆனால் நினைத்ததை உளறிக்கொட்டிவிடும் பயிற்சி மாணவி டில்லி இருந்தாள். அவளும் பாதியில் ஆசிரியர் வேலைக்குப் போய்விட்டாள். (அந்த முடிவில் எனக்கு வருத்தமில்லை!) என் மாணவர்களின் 31 கதைகளில் இருந்த அதே நண்பன் அங்கே விண்கப்பல் சீருடையில் உட்கார்ந்திருக்கிறான். இவ்வளவு பணம் போட்டு எடுத்தும் அதே 'சூப்பர்டா' தான்.

எல்லா அறிவியல் தொடரும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. 1963 நவம்பர் 23ஆம் தேதி பிபிசியில் தொடங்கிய 'டாக்டர் ஹூ'வின் முதல் கதையை நம் ஆசிரியர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அதை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிறையவில்லை. காலத்தில் பயணம் செய்யும் மர்மக் கிழவர் டாக்டர். அவரோடு முதலில் போன வெளியாள்கள் யார் தெரியுமா? இரண்டு பள்ளி ஆசிரியர்கள்! இயன் அறிவியல் ஆசிரியர், பார்பரா வரலாற்று ஆசிரியை. வகுப்பில் ஒரு மாணவி சில விஷயங்களில் அளவுக்கு மீறி அறிந்தவளாகவும், சில சாதாரண விஷயங்களில் ஒன்றுமே தெரியாதவளாகவும் இருக்கிறாள். கவலைப்பட்ட ஆசிரியர்கள் அவள் வீடு எது என்று பார்க்கப் பின்னாலேயே போகிறார்கள். அப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இல்ல வருகை செய்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும்.

அந்தக் கதையில் கற்காலத்துக்குப் போய்விடுகிறார்கள். துரத்தி வந்த காட்டு மனிதன் ஒருவன் விலங்கு தாக்கிக் காயத்தோடு கிடக்கிறான். பார்பராவுக்கு அவனை விட்டுப் போக மனமில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போனால் எல்லாரும் தாமதமாவார்கள். டாக்டர் சத்தமில்லாமல் ஒரு கல்லைக் கையில் எடுக்கிறார். இயன் அவர் கையைப் பிடித்துத் தடுக்கிறார். டாக்டர் ஏதோ சாக்குச் சொல்லிச் சமாளிக்கிறார். அறுபது ஆண்டாக உலகமே கொண்டாடும் நாயகன், தொடக்கத்தில் ஒரு கொலைக்குக் கிட்டே போய்விட்டார். அவரை நல்லவர் ஆக்கியது அந்த இரண்டு ஆசிரியர்களின் கூட்டு என்றுதான் நான் படிக்கிறேன். 1965இல் அவர்கள் இருவரும் ஊர் திரும்பினார்கள். பிறகு வந்த துணைகளில் பலருக்கு வேலை, "அது என்ன டாக்டர்?" என்று கேட்பதும் ஆபத்தில் அலறுவதும்தான். 1977இல் கே-9 என்ற ரோபோ நாய் வந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும், சொன்னதைச் செய்யும்.

ரோபோ நாய் என்றதும் ஜீனோவைச் சொல்லாமல் தமிழாசிரியை எப்படி நகர முடியும்? சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தது. பிறகு தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது. தொடரை முழுதாகப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. கதையைப் பலமுறை படித்திருக்கிறேன், ஆகவே கதையை வைத்தே பேசுகிறேன். ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் எதிர்கால இந்தியா. மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான். பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி வேண்டும். நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டுக்குத் தங்க வந்த ரவியோடு ஜீனோ என்ற இயந்திர நாயும் வருகிறது.

தமிழில் ஜீனோ அளவுக்கு அன்பைச் சம்பாதித்த துணைப்பாத்திரம் குறைவு. புத்தகம் படிக்கும், ஜோக் அடிக்கும், கோபித்துக்கொள்ளும். கே-9 கேட்டதைச் சொல்லும். ஜீனோ கேட்காததையும் சொல்லும். அதுதான் சுஜாதாவின் சாமர்த்தியம். பொருளாகச் செய்து வைத்த ஒன்று, மெல்ல மெல்லத் தன் கருத்தைப் பேசத் தொடங்குகிறது. கூட இருக்கும் மனிதர்களை நம்ப முடியாத உலகத்தில் அது ஒன்றுதான் நிலாவிடம் உண்மை பேசுகிறது.

ஆனாலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. கதை நகர நகர ஜீனோ எல்லாம் அறிந்ததாகிவிடுகிறது. நிலாவுக்குக் கேட்பதுதான் வேலை. நாயகிதான் இங்கே "இது என்ன ஜீனோ?" என்கிறாள்! கைதட்டும் இடத்துக்கு நாயகி வந்துவிட்டாள். அடுத்த நாவலின் தலைப்பையே பாருங்கள், 'மீண்டும் ஜீனோ'. 'மீண்டும் நிலா' என்று வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஜீனோவை ரசிக்கும் ஆசிரியர்கள் என்மேல் கோபப்படலாம். நானும் அதன் ரசிகைதான். ரோபோ நாய் பேசுகிற இடங்களில் எவ்வளவு சிரித்தேனோ, நிலா யோசித்து முடிவெடுக்கிற இடம் வருமா என்று அவ்வளவு காத்திருந்தேன்.

வகுப்பறைக்கு இதை எப்படிக் கொண்டுபோவது? 'டிஸ்கவரி'யை முழுதாகப் போட்டுக் காட்டாதீர்கள். வன்முறையும் கெட்ட சொற்களும் உண்டு. முதல் அத்தியாயத்தின் பாலைவனக் காட்சி மட்டும் போதும், ஐந்தாறு நிமிடம்தான். சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை, சத்தத்தோடு ஒருமுறை போட்டுப் பாருங்கள். யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் முன்னால் நடக்கிறார்கள், எப்போது மாறுகிறது என்று எழுதச் சொல்லுங்கள். கலகக் காட்சியை நீங்களே வாயால் கதையாகச் சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு பாங்கற் கூட்டத்தை அறிமுகப்படுத்தினால், படிவம் இரண்டு பிள்ளைகளுக்குக்கூட 'கழறல்' என்ற சொல் ஒட்டிக்கொள்கிறது. எங்கள் வகுப்பில் இரண்டு வாரம் எல்லாரும் எல்லாரையும் கழறிக்கொண்டிருந்தார்கள், கணித ஆசிரியர் வந்து புகார் சொல்லும் வரைக்கும்.

பிறகு பழைய கதையையே மறுபடி எழுதச் சொன்னேன். ஒரே ஒரு நிபந்தனை: நண்பன் ஓர் இடத்திலாவது "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும், அதற்கு அவனிடம் காரணம் இருக்க வேண்டும். எல்லாம் நன்றாக வந்துவிடவில்லை. பலர் கடைசிப் பத்தியில் ஒரு "வேண்டாம்டா"வைச் செருகிவிட்டு முடித்துக்கொண்டார்கள். ஒரு மாணவி மட்டும், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் ரோபோவைக் கண்டுபிடித்த அண்ணனிடம், அங்கே வேலை பார்க்கும் தாத்தா சண்டை போடுவது போல் எழுதியிருந்தாள். தாத்தா ரோபோவைத் திட்டவில்லை. எந்தக் குலை பழுத்தது என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது, என்னைக் கேட்டாயா என்றுதான் திட்டுகிறார்.

நண்பனை மூன்றாம் பத்தியில் தொலைத்த பையன் தாளோடு என் மேசைக்கு வந்தான். "டீச்சர், ஃபிரெண்டு ராக்கெட்ல ஏற மாட்டேன்னு சொல்லிட்டா அப்பறம் கதை எப்படிப் போகும்?" என்று கேட்டான். "நீதான் எழுதணும்" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் நான்கு பக்கம் கொண்டுவந்தான். ராக்கெட்டின் கதவு திறந்திருக்கிறது. நாயகன் வாசலில் நிற்கிறான், நண்பன் கீழே நிற்கிறான். "நீ போனா உங்க பாட்டியை யாருடா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது?" என்று நண்பன் கேட்கிறான். அங்கிருந்து ஒன்றரைப் பக்கம் வாக்குவாதம். நான்காம் பக்கம் முடியும்போதும் ராக்கெட் கிளம்பவில்லை. அடியில் 'தொடரும்' என்று போட்டிருக்கிறான்.